கரிசல் மண்ணும் கசியும் குழாயும்

வீட்டின் பெருமையைச் சொல்ல வருவோர் தலைவாசலைக் காட்டுவார்கள், திண்ணையைக் காட்டுவார்கள், மச்சைக் காட்டுவார்கள். கொல்லைப்புறச் சுவரை ஒட்டி நிற்கும் கழிவுநீர்க் குழாயை விருந்தினருக்கு எவரும் காட்டுவதில்லை. அது ஒழுங்காக வேலை செய்யும்வரை வீட்டாரும் அதை நினைப்பதில்லை. கசியத் தொடங்கிய பிறகே அப்படி ஒன்று இருப்பது நமக்கு நினைவுக்கு வருகிறது. அந்தக் குழாயைப் பற்றியே இன்று உங்களிடம் பேச விரும்புகிறேன்.

"இது பிளம்பர் பார்க்க வேண்டிய காரியம், பள்ளியிலும் கல்லூரியிலும் படிக்கும் எங்களுக்கு இதில் என்ன இருக்கிறது?" என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும். இதில் ரசாயனம் இருக்கிறது, மண்ணியல் இருக்கிறது, சுகாதாரம் இருக்கிறது, அண்டை வீட்டாரிடம் நமக்குள்ள கடமையும் இருக்கிறது. கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசல் பூமியில் வாழ்வோருக்கோ இது இன்னும் நெருங்கிய விஷயம். செம்மண் நிலத்தில் குழாய் கசிந்தால் பெரும்பாலும் சுவர் நனையும், நாற்றம் எழும். கரிசல் நிலத்தில் குழாய் கசிந்தால் வீடே அசையும்.

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், சாத்தூர், அருப்புக்கோட்டை என்று விரியும் இந்த வட்டாரத்தில் ஆண்டொன்றுக்குப் பெய்யும் மழை ஏறத்தாழ 700 மில்லிமீட்டர்தான். அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவக்காற்றோடு வந்து போய்விடும். அப்படியிருந்தும் இங்கே பருத்தியும் சோளமும் கம்பும் உளுந்தும் மானாவாரியாக விளைகின்றன. இந்த நிலத்தின் பயிர்களை ஆராய்வதற்கென்றே 1901-ஆம் ஆண்டில் கோவில்பட்டியில் வேளாண் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. மழை நின்ற பிறகும் பயிரைக் காப்பாற்றுவது எது? கரிசல் மண்ணின் ஈரம் பிடித்து வைக்கும் குணம். உழவனுக்கு வரமாக அமைந்த இந்தக் குணமே வீடு கட்டுவோனுக்குச் சோதனையாக அமைந்துவிடுகிறது.

கரிசல் மண்ணில் மாண்ட்மோரிலோனைட் என்னும் களிமண் வகை மிகுந்திருக்கிறது. அதன் துகள்கள் அடுக்கி வைத்த ஏடுகளைப் போன்றவை. நீர் பட்டால் அது ஏடுகளுக்கு இடையே புகுந்து அவற்றை விலக்குகிறது, மண் உப்புகிறது. நீர் வற்றினால் ஏடுகள் நெருங்குகின்றன. மண் சுருங்கி வெடிக்கிறது. சித்திரை மாதத்தில் தரிசாகக் கிடக்கும் கரிசற்காட்டில் நடந்து பாருங்கள். கால் விரல்கள் நுழையும் அளவுக்குப் பாளம் பாளமாக நிலம் வெடித்துக் கிடக்கும். ஒரு கோலை விட்டால் முழ ஆழம் இறங்கும்.

இதை நீங்களே பரிசோதனைச் சாலையில் செய்து பார்க்கலாம். காய்ந்த கரிசல் மண்ணைப் பொடித்து நன்றாகச் சலித்து, 10 கிராம் வீதம் இரண்டு பங்கு எடுத்துக்கொள்ளுங்கள். 100 மில்லிலிட்டர் அளவுக் கோடிட்ட இரண்டு கண்ணாடிக் குடுவைகளில் ஒன்றில் மண்ணெண்ணெயும் மற்றொன்றில் சுத்த நீரும் நிரப்பி, ஒவ்வொன்றிலும் ஒரு பங்கு மண்ணைப் போட்டுக் கலக்கி, ஒரு நாள் முழுவதும் அசையாமல் வையுங்கள். மண்ணெண்ணெயில் மண் உப்புவதில்லை, நீரில் உப்பும். இரண்டிலும் மண் எத்தனை மில்லிலிட்டர் உயரத்துக்கு நிற்கிறது என்று பாருங்கள். மண்ணெண்ணெயில் 10, நீரில் 18 என்று வைத்துக்கொண்டால் அந்த மண் 80 சதவிகிதம் உப்புகிறது என்பது பொருள். இது இந்தியத் தர நிர்ணயத்தில் இடம்பெற்ற முறையான சோதனையே. இந்த எண் 50-ஐத் தாண்டினால் பொறியாளர்கள் எச்சரிக்கை கொள்வார்கள்.

இனி வீட்டிற்கு வருவோம். கரிசல் மண் முழுவதும் ஒரே சீராக உப்பி, ஒரே சீராகச் சுருங்குமானால் வீட்டுக்குப் பெருந்தீங்கு இல்லை. ஒரு பக்கம் உப்பி மறுபக்கம் சுருங்கும்போதுதான் சுவர் பிளக்கிறது. கோடையில் வீட்டைச் சுற்றிய நிலமெல்லாம் வற்றிச் சுருங்குகிறது. ஆனால் குளியலறை மூலையில், தரைக்குள் ஒரு குழாய் இரவும் பகலும் சொட்டிக்கொண்டிருக்கிறது. அந்த மூலை மண்ணுக்கு மட்டும் ஆண்டு முழுவதும் கார்த்திகை மாதம். அது உப்பியே நிற்கிறது; மற்ற மூலைகள் இறங்குகின்றன. சுவரில் கோணல்மாணலாக ஒரு பிளவு ஓடுகிறது. கதவு நிலையில் சிக்குகிறது. கொத்தனாரை அழைத்துப் பிளவைப் பூசுகிறோம்; மறு ஆண்டு அதே இடம் மீண்டும் பிளக்கிறது. "கரிசல் வீடு என்றால் வெடிக்கத்தானே செய்யும்" என்று நம்மை நாமே சமாதானப்படுத்திக்கொள்கிறோம். மண்ணின் மேல் பழியைப் போட்டுவிட்டுக் குழாயை மறந்துவிடுகிறோம்.

அந்தக் குழாய் எத்தகையது? பழைய மாடி வீடுகளிலும் ஆலைக் குடியிருப்புகளிலும் கறுத்துக் கனத்து நிற்பது வார்ப்பிரும்புக் குழாய். இரும்பை உருக்கி அச்சில் வார்த்துச் செய்தது. நான்கு அங்குல விட்டமும் ஆறடி நீளமும் உள்ள ஒரு குழாய் இருபது கிலோவுக்கு மேல் எடையிருக்கும். நீடித்து உழைப்பதில் அதற்கு நிகர் குறைவு. பிரான்சு நாட்டில் பதினான்காம் லூயி மன்னன் 17-ஆம் நூற்றாண்டில் வெர்சேல்ஸ் அரண்மனைத் தோட்டத்து நீரூற்றுகளுக்காகப் பதித்த வார்ப்பிரும்புக் குழாய்களுள் சில முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் பயன்பட்டன. ஆனால் அவை சென்றது ஊற்று நீர். நம் குழாயில் செல்வதோ கழிவு நீர்.

வார்ப்பிரும்பில் நூற்றுக்கு இரண்டு முதல் நான்கு பங்குவரை கரி கலந்திருக்கிறது. அந்தக் கரி, பென்சிலில் உள்ள கிராபைட்டாகச் சிறு சிறு இதழ்களாய் இரும்பினூடே பரவியிருக்கும். ஈர மண்ணும் உப்பும் அமிலமும் நாளடைவில் இரும்பை மட்டும் அரித்துக்கொண்டு போய்விடும். கிராபைட் எஞ்சி நிற்கும். காற்றுப் புகாத ஈரக் களிமண்ணில் வாழும் சில நுண்கிருமிகள் இந்த அரிப்பை விரைவுபடுத்துகின்றன. குழாயின் உட்புறத்தில், கழிவிலிருந்து எழும் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை வேறு சில கிருமிகள் கந்தக அமிலமாக்கி உள்ளிருந்தே தின்கின்றன. விந்தை என்னவென்றால், இப்படி உயிரற்றுப்போன குழாய் வெளித்தோற்றத்தில் முழுதாகவே இருக்கும். அதே கறுப்பு நிறம், அதே வடிவம். ஆனால் கத்தியால் கீறினால் சீவிக்கொண்டு வரும். கல்லால் தட்டினால் நல்ல குழாய் மணிபோல் ஒலிக்கும். அரித்துப்போனதோ மந்தமாக ஒலிக்கும். தோற்றத்தை நம்பாமல் தட்டிப் பார்க்க வேண்டும் என்பது இந்தக் குழாய் கற்பிக்கும் முதற்பாடம்.

இரண்டாவது பலவீனம் மூட்டுகளில் இருக்கிறது. குழாயின் ஒரு முனை அகன்ற வாயாக இருக்கும். அடுத்த குழாயின் நுனி அதற்குள் நுழையும். இடைவெளியில் முறுக்கிய சணலைச் செருகி, அதன்மேல் காரீயத்தை உருக்கி ஊற்றி, உளியாலும் சுத்தியாலும் அடித்து இறுக்குவது பழைய முறை. பிளம்பர் என்னும் தொழிற்பெயரே காரீயத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்ததுதான். சில இடங்களில் காரீயத்திற்குப் பதிலாகச் சிமெண்டையே வைத்து அடைத்திருப்பார்கள். காரீயம் சற்று இணங்கிக் கொடுக்கும், சிமெண்டு இணங்காது. வார்ப்பிரும்போ நொறுங்குமேயன்றி வளையாது. ஆண்டுதோறும் உப்பியும் சுருங்கியும் மூச்சுவிடும் கரிசல் மண்ணுக்குள் வளையாத குழாயை வைத்தால் என்ன நேரும்? மூட்டு விலகும். மூட்டு விலகினால் நீர் கசியும். நீர் கசிந்தால் மண் உப்பும். மண் உப்பினால் மூட்டு மேலும் விலகும். ஆகவே கரிசலில் கசிவு என்பது தானே தன்னை வளர்த்துக்கொள்ளும் நோய். இன்று சொட்டாக இருப்பது அடுத்த கோடையிலும் சொட்டாகவே இருக்கும் என்று எண்ணுவது பேதைமை.

கசிவு எங்கே என்று கண்டுபிடிப்பது எப்படி? சுவருக்கு வெளியே நிற்கும் குழாயானால் துருக்கறையும் பாசியும் காட்டிக்கொடுக்கும். நீளவாக்கில் மயிர்போன்ற வெடிப்பு ஓடுகிறதா என்று சுவரை நோக்கியிருக்கும் பின்புறத்தையும் ஒரு சிறு கண்ணாடியை நீட்டிப் பார்க்க வேண்டும். தரைக்குள் இருக்கும் குழாய்க்குக் கரிசல் நிலமே சாட்சி சொல்லும். பங்குனி, சித்திரையில் வீட்டைச் சுற்றி வாருங்கள். எங்கும் நிலம் வெடித்திருக்க, ஓரிடம் மட்டும் வெடிக்காமல் இருந்தால் அந்த இடத்தை ஐயுறுங்கள். எங்கும் புல் கருகியிருக்க, ஓரிடம் மட்டும் பச்சையாக இருந்தால் அதைக் கண்டு மகிழாதீர்கள். சுவரில் பிளவு இருந்தால் அதன் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதி வையுங்கள். கோடையில் விரிந்து மழைக்காலத்தில் மூடும் பிளவு பெரும்பாலும் பருவத்தால் வருவது. பருவத்தைப் பொருட்படுத்தாமல் வளர்ந்துகொண்டே போவது கசிவால் வருவதாக இருக்கலாம். பின்னர் குளியலறை, அடுப்படி என்று ஒவ்வோர் இடமாகச் சாயம் கலந்த நீரை ஊற்றி, எது வெளியே தலைகாட்டுகிறது என்று பார்த்தால் பழுதான கிளை தெரிந்துவிடும்.

நாற்றம் வீசுவதை மட்டும் வைத்துக் குழாய் உடைந்துவிட்டது என்று முடிவு செய்துவிடக்கூடாது. கழிவுநீர் போகும் வாயின் கீழே வளைந்த குழாய் ஒன்று உண்டு. அதில் எப்போதும் சிறிது நீர் தேங்கி நின்று, கீழிருந்து வாயு மேலே வராமல் தடுக்கும். அலெக்சாண்டர் கம்மிங் என்னும் கடிகாரத் தொழிலாளர் 1775-ஆம் ஆண்டில் லண்டனில் காப்புரிமை பெற்ற கழிப்பறையில் அமைந்த ஏற்பாடு இது. கோடை விடுமுறையில் வீட்டைப் பூட்டிவிட்டுச் சென்றால் நம் ஊர் வெயிலில் அந்த நீர் ஆவியாகிவிடும். நாற்றம் தடையின்றி ஏறும். ஒரு செம்பு நீர் ஊற்றினால் தீரும் குறை அது. அதற்காகத் தரையைப் பெயர்க்க வேண்டியதில்லை.

கசிவு உண்மை என்று உறுதியானால் என்ன செய்வது? நாம் வழக்கமாகச் செய்வது, வெடிப்பின்மேல் ஒரு கை சிமெண்டை அப்புவது. துருவின்மேல் சிமெண்டு ஒட்டாது. ஒட்டினாலும் மண் அசையும்போது விரிசல் விடும். எம்-சீல் போன்ற இரட்டைப் பசையைப் பிசைந்து அடைப்பது அதனினும் மேல். ஆனால் அதற்கும் முதலில் துருவைச் சுரண்டி இடத்தை உலர்த்த வேண்டும். ஊசித்துளை போன்ற சிறு பழுதுக்கு, ஆள் வந்து சேரும்வரை தாங்கும் மருந்து அது. அரித்துப்போன குழாயில் ஓர் ஓட்டையை அடைத்தால் பக்கத்தில் மற்றொன்று திறக்கும். மூட்டு மட்டும் பழுதாகிக் குழாய் நல்ல நிலையில் இருந்தால் மூட்டைத் திருத்தலாம். குழாயே அரித்திருந்தால் அந்தப் பகுதியை அறுத்தெடுத்துவிட்டுப் புதிய பி.வி.சி. குழாயை வைப்பதே முறை. பழைய இரும்பையும் புதிய குழாயையும் சிமெண்டால் இணைக்காமல், இரும்புப் பட்டையால் இறுக்கும் ரப்பர் உறையால் இணைக்க வேண்டும். ரப்பர் மண்ணோடு சேர்ந்து சற்றே அசைந்து கொடுக்கும்.

மாடியிலிருந்து இறங்கும் குழாயை அறுக்குமுன் மேற்பகுதியைச் சுவரோடு நன்றாகப் பிணைத்துவிட வேண்டும். அதன் எடையை முன்பே சொன்னேன். பழைய காரீய மூட்டை நெருப்பு வைத்து உருக்க மாணவர்கள் ஒருபோதும் முயலக்கூடாது. காரீயம் 327 டிகிரி சென்டிகிரேடில் உருகும். ஒரு துளி ஈரம் பட்டாலும் அது நீராவியாகிக் காரீயத்தை முகத்தில் தெறிக்கச் செய்யும். அதன் புகையும் தூசியும் நஞ்சு. குழந்தைகளுக்குப் பெரு நஞ்சு.

தரைக்குள் குழாய் பதிக்கும்போது தோண்டியெடுத்த கரிசலையே மீண்டும் போட்டு மூடுவது பெருந்தவறு. உப்பாத சரள் மண்ணைக் குழாயின் கீழும் பக்கங்களிலும் இட்டுத் திமிசு கொண்டு இறுக்க வேண்டும். நான்கு அங்குலக் குழாயானால் நாற்பது அடிக்கு ஓர் அடி சரிவு கொடுக்கலாம். வீட்டைச் சுற்றி வெளிப்புறம் சரிந்த தளம் ஒன்று போட்டால் மழைநீரும் அடித்தளத்தை அணுகாது. இவ்வளவும் முடிந்த மறுநாளே சுவர்ப் பிளவைப் பூச அவசரப்படாதீர்கள். நனைந்த மண் உலர்ந்து நிலைக்க ஒரு கோடையும் ஒரு மழையும் கழியட்டும். பென்சில் கோடு நகரவில்லை என்று கண்ட பிறகு பூசினால் அந்தப் பூச்சு நிற்கும்.

ஒரு வீட்டின் கசிவு அந்த வீட்டோடு முடிகிறதா? முடிவதில்லை என்பதற்கு வரலாற்றில் புகழ்பெற்ற சான்று ஒன்று உண்டு. 1854-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதக் கடைசியில் லண்டன் மாநகரின் பிராடு தெருவில் காலரா வெடித்தது. அறுநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். டாக்டர் ஜான் ஸ்னோ வீடு வீடாக விசாரித்து, இறந்தவர்களில் பெரும்பாலோர் அத்தெருவின் அடிபம்பு நீரைக் குடித்தவர்கள் என்று காட்டினார். செப்டம்பர் 8-ஆம் நாள் பம்பின் கைப்பிடி கழற்றப்பட்டது. கதையை இத்துடன் நிறுத்திவிடுவோரே மிகுதி. ஆனால் நமக்கு வேண்டியது அதன் பிற்பகுதி.

கேணி நீரில் நோய் எப்படிப் புகுந்தது? ஸ்னோவின் கருத்தை முதலில் நம்பாதவர் ஹென்றி ஒயிட்ஹெட் என்னும் பாதிரியார். அவர் தாமே விசாரணையில் இறங்கினார். பம்புக்கு எதிரே, 40-ஆம் எண் வீட்டில், தொற்று வெடிப்பதற்குச் சற்று முன்பே ஒரு கைக்குழந்தை வயிற்றுப்போக்கால் நோயுற்றிருந்ததையும், குழந்தையின் துணிகளை அலசிய நீரைத் தாய் வீட்டுக் கழிவுக்குழியில் ஊற்றியதையும் அவர் கண்டறிந்தார். 1855-ஆம் ஆண்டு ஏப்ரலில் அந்த இடத்தைத் தோண்டினார்கள். கழிவுக்குழியின் செங்கற்கள் உளுத்துப்போயிருந்தன. குழிக்கும் கேணிக்கும் இடையே மூன்றடிகூட இல்லை. இடைப்பட்ட மண் கழிவுநீரில் ஊறிக்கிடந்தது. ஒரு வீட்டின் பழுதுபட்ட வடிகால் ஒரு பேட்டையையே சுடுகாடாக்கியது. அந்த வீட்டார் கொடியவர்கள் அல்லர். தங்கள் தரைக்குக் கீழே நடப்பதை அறியாதவர்கள், அவ்வளவுதான்.

நம் நாட்டிலும் 1955-ஆம் ஆண்டு இறுதியிலும் 1956-ஆம் ஆண்டுத் தொடக்கத்திலும் யமுனையில் கலந்த கழிவுநீர் குடிநீரோடு சேர்ந்து, டெல்லியில் இருபத்தொன்பதாயிரம் பேருக்கு மஞ்சள் காமாலையை உண்டாக்கியது.

நம் வறண்ட வட்டாரத்துக்கு இதில் தனிப்பட்ட எச்சரிக்கை உண்டு. கோவில்பட்டிக்குத் தாமிரபரணி நீர் சீவலப்பேரியிலிருந்து நெடுந்தூரம் குழாய் வழியே வருகிறது. நீரருமை மிகுந்த ஊர்களில் குடிநீர் நாள் முழுவதும் குழாயில் ஓடுவதில்லை. முறை வைத்தே விடப்படுகிறது. நீர் ஓடும்போது குடிநீர்க் குழாயில் அழுத்தம் இருப்பதால் வெளி நீர் உள்ளே புகாது. நீர் நின்றபிறகு குழாய் வெறுமையாகிறது. அப்போது அதில் ஒரு கீறல் இருந்து, அதன் பக்கத்தில் ஒரு வீட்டுக் கழிவுநீர் மண்ணில் ஊறி நின்றால், அந்த நீரைக் குழாய் உறிஞ்சிக்கொள்ளும். மறுமுறை நீர் விடும்போது முதலில் வருவது அதுவே. அதைக் குடிப்பவர், கசியவிட்ட வீட்டுக்காரராகவே இருக்க வேண்டும் என்பதில்லை. தெருக்கோடியில் இருக்கும், ஒரு குற்றமும் அறியாத குழந்தையாகவும் இருக்கலாம்.

மற்றொன்றையும் சொல்லியாக வேண்டும். குழாய் அடைத்தாலோ கசிந்தாலோ, கழிவுநீர்த் தொட்டிக்குள் ஓர் ஏழைத் தொழிலாளியை இறங்கச் சொல்லும் வழக்கம் இன்னும் முற்றிலும் ஒழியவில்லை. முன்பு சொன்ன ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனமானது. குழிக்குள் தங்கி நின்று, சில மூச்சுகளில் ஆளை வீழ்த்திவிடும். 2013-ஆம் ஆண்டுச் சட்டம், உரிய பாதுகாப்புச் சாதனங்கள் இன்றி மனிதரைச் சாக்கடையிலும் கழிவுத் தொட்டியிலும் இறக்கித் துப்புரவு செய்ய வைப்பதைக் குற்றமாக்கியிருக்கிறது. காலத்தில் குழாயைச் செப்பனிடும் வீட்டில் அப்படி ஒருவரை அழைக்கும் அவசரமே பெரும்பாலும் நேராது. ஆகவே பராமரிப்பு என்பது சிக்கனம் மட்டுமன்று; பிறர் உயிரை மதிக்கும் பண்பும் ஆகும்.

மாணவ நேயர்களே, சுவருக்குள்ளும் தரைக்குள்ளும் மறைந்திருப்பதை மறந்துவிடுவது மனித இயல்பு. கண்ணுக்குத் தெரியும் பிளவைப் பூசிவிட்டால் காரியம் முடிந்தது என்று எண்ணுவதும் இயல்பே. பிராடு தெருவில் கைப்பிடியைக் கழற்றியது அன்றைய உயிர்களைக் காத்தது. தரையைத் தோண்டிப் பார்த்ததே காரணத்தைக் காட்டியது. இரண்டும் வேண்டும். அறிவியல் கற்கும் நீங்கள் அந்த இரண்டாவது பழக்கத்தை உங்கள் வீட்டுக்குக் கொண்டுசெல்லுங்கள். வரும் கோடையில் ஒரு மாலைப்பொழுது உங்கள் வீட்டைச் சுற்றி வந்து பாருங்கள். நிலமெல்லாம் வெடித்திருக்க, வெடிக்காத இடம் ஒன்று உண்டா என்று தேடுங்கள். இருந்தால் பெரியவர்களிடம் சொல்லுங்கள். அன்று அது ஒரு மூட்டைத் திருத்துவதோடு முடியும். தள்ளிப்போட்டால் சுவரையும் சேர்த்துத் திருத்த வேண்டிவரும்.